விபத்துல அடிபட்டா நஷ்டஈடு கேஸ்ல ஓட்டை விழாம பாத்துக்கறது எப்படி: ஸ்டெப் பை ஸ்டெப்

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. எங்க அத்தை பையன் பைக்ல போகும்போது கார் மோதி முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சப்போ ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், வக்கீல் ஆபீஸ், கோர்ட்டுனு ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சவன், அவ்ளோதான். பணம் வந்துருச்சு, ஆனா ஒரு சின்ன எழுத்து வேலையால கேஸே கவுந்துருக்கும், அதனால அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கேன், மத்ததெல்லாம் சுருக்கம்தான். அனுபவம் தமிழ்நாட்டுல நடந்தது, மோட்டார் வாகன சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒண்ணுதான். மோதுன வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனிதான் பணம் குடுக்கணும், அத எம்ஏசிடினு சொல்ற விபத்து தீர்ப்பாயத்துல கேக்கறோம், இது வரைக்கும் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கறேன்.

ஸ்டெப் 1: ஸ்பாட்ல

108க்கு போன் பண்ணுங்க, அடிபட்டவர் நினைவோட இருந்தா கூட. அவங்க எங்க இருந்து எத்தனை மணிக்கு ஏத்துனாங்கன்னு பதிவு இருக்கும், அது பின்னாடி சாட்சி மாதிரி. கூட இருக்கறவங்க யாராவது போட்டோ எடுக்கணும்: மோதுன வண்டி நம்பர், ரெண்டு வண்டியும் நகர்த்தறதுக்கு முன்னாடி நின்ன பொசிஷன், எந்தப் பக்கம் அடி, ரோட்டுல பிரேக் தடம், பக்கத்துல கடை போர்டு ஏதாவது தெரியற மாதிரி ஒரு தூரத்து ஷாட்.

டைம் ஸ்டாம்ப் கேமரா ஆப் எல்லாம் வேண்டாம்ங்கறது என் கட்சி. போட்டோ மேல தேதி அச்சடிச்சா நல்லாத் தெரியும், ஆனா "அந்தத் தேதிய நீங்களே மாத்தலாமே"னு எதிர் வக்கீல் கேட்டா பதில் சொல்ல முடியாது. போனோட சொந்த கேமரால லொகேஷன் ஆன் பண்ணி எடுங்க, ஒரிஜினல் ஃபைலை அந்தப் போன்லயே விட்டு வைங்க. வாட்ஸாப்ல போட்டோவா அனுப்புனா சுருங்கி உள்ள இருக்கற விவரம் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்ல அடிச்சா இன்சூரன்ஸ் எந்த கம்பெனி, எப்ப வரைக்கும் இருக்குன்னு வரும், அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

கார்காரர் நல்லவராவே இருக்கலாம், "ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன், கேஸ் வேண்டாம்"னு சொல்லலாம். செலவுக்குக் குடுத்தா வாங்கிக்கோங்க, தப்பில்ல. ஆனா எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து மட்டும் போடாதீங்க. அன்னைக்கு வெறும் வீக்கம்னு நினைச்சது மறுநாள் எக்ஸ்ரேல எலும்பு முறிவா வரும்.

ஸ்டெப் 2: ஆஸ்பத்திரி எமர்ஜென்சில என்ன எழுதறாங்க (இதுதான் முக்கியம்)

எமர்ஜென்சிக்குள்ள போனதும் டியூட்டி டாக்டர் ஒரு ரிஜிஸ்டர்ல எழுதுவாரு, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், எல்லாரும் ஏஆர்னு சொல்லுவாங்க. யார் கூட்டிட்டு வந்தது, எங்க, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டுச்சு, எங்கெங்க காயம், இதெல்லாம் அதுல இருக்கும். நம்ம கேஸ்ல முதல் எழுத்து ஆதாரம் இதுதான், எஃப்ஐஆருக்கும் முன்னாடி. பிரச்சனை என்னன்னா அந்த நேரத்துல டாக்டர் கேக்கறது வலில கத்திட்டு இருக்கறவர்கிட்ட இல்ல, கூட வந்தவர்கிட்ட.

எங்க அத்தானைத் தூக்கிட்டு வந்தது ரோட்டுல போன ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர். நல்ல மனுஷன். ஆனா அவர் மோதுனதைப் பாக்கல, விழுந்து கிடக்கறதைத்தான் பாத்தாரு. "என்னாச்சு"ன்னு கேட்டதுக்கு "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்"னு சொல்லியிருக்காரு, டாக்டரும் ஸ்கிட் அண்ட் ஃபால்னு ரெண்டே வார்த்தை எழுதி முடிச்சுட்டாரு. அதாவது சறுக்கி விழுந்தாரு. கார்ங்கற பேச்சே அதுல இல்ல.

இந்த ரெண்டு வார்த்தைய வச்சுத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த கேஸையும் நடத்துச்சு. "தானா விழுந்தவரு, அப்புறமா ஒரு காரைக் கொண்டு வந்து சேத்துருக்காங்க"ன்னு. இப்படி பொய்யா வண்டி சேக்கற கேஸ் நிஜமாவே நிறைய பிடிபட்டிருக்கறதால அவங்க இத விட மாட்டாங்க, நீதிபதியும் கண்டிப்பா கேப்பாரு.

அதனால நீங்க செய்ய வேண்டியது:

நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்ததும், பணம் கட்டறது, சொந்தக்காரங்களுக்குப் போன் பண்றது எல்லாம் அப்புறம், நேரா டியூட்டி டாக்டர்கிட்ட போய் "ஏஆர்ல என்ன எழுதியிருக்கீங்க சார்"னு பணிவா கேளுங்க. ஆர்டிஏன்னு ஒரு வார்த்தை இருக்கணும், ரோடு ஆக்சிடென்ட்ங்கறதுக்கு அவங்க எழுதற சுருக்கம் அது. கூடவே எந்த வண்டி மோதுச்சுங்கறது, இடம், நேரம். நம்பர் தெரியலன்னா தெரியலன்னே இருக்கட்டும், "கார் மோதியது"ன்னு இருந்தா போதும். தெரியாத நம்பரை யோசிச்சு சொல்லாதீங்க, பின்னாடி மாறுனா அதுவே வினை.

ஏற்கனவே தப்பா எழுதிட்டாங்கன்னா? எழுதுனத அடிச்சு மாத்த மாட்டாங்க, மாத்தவும் கூடாது, அடிச்சு எழுதுன ஏஆர் தப்பான ஏஆரை விட மோசம். அதுக்குப் பதிலா நாலு பக்கமும் சரியான விவரம் பதிவாகற மாதிரி பாக்கணும். அடிபட்டவருக்கு நினைவு தெளிஞ்சதும் அவரே வார்டு டாக்டர்கிட்ட சொல்லி கேஸ் ஷீட்ல ஏத்தச் சொல்லுங்க, அது டிஸ்சார்ஜ் சம்மரிலயும் வரும். வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணா அங்க புதுசா ஒரு ஏஆர் போடுவாங்க, அங்க விவரத்தை நீங்களே சொல்லுங்க. போலீஸ் வார்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கும்போது "கூட்டிட்டு வந்தவர் பாக்கல, அதனால அப்படி சொல்லிட்டாரு"ங்கறதையும் சேத்து சொல்லணும், இது ரொம்பப் பேர் விட்டுடறாங்க. கடைசியா, கூட்டிட்டு வந்தவரோட போன் நம்பர். உதவி பண்றவங்க பேர் சொல்லணும்னு மோட்டார் வாகன சட்டம் 134ஏ பிரிவுப்படி கட்டாயப்படுத்த முடியாது, அதனால மிரட்டற மாதிரி கேக்காம நன்றி சொல்லி வாங்குங்க.

எங்களுக்குக் கை குடுத்தது அந்த நம்பர்தான். ஆட்டோ டிரைவர் கோர்ட்டுக்கு வந்து "மோதுனத நான் பாக்கலைங்கய்யா, நான் போறப்ப விழுந்து கிடந்தாரு"ன்னு சொன்னாரு, அத்தோட பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை ஸ்டேஷன்ல எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவாங்க) ரிப்போர்ட்ல காரோட இடது முன்பக்க பம்பரும் ஹெட்லைட்டும் உடைஞ்சிருக்குன்னு இருந்துச்சு. சறுக்கி விழுந்தா கார் பம்பர் எப்படி உடையும்? அங்க முடிஞ்சுது அவங்க வாதம். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு இங்க இல்ல, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு பாப்பாங்க.

ஸ்டெப் 3: ஸ்டேஷன்

சிஎஸ்ஆர் ரசீதோட திருப்பி அனுப்பப் பாப்பாங்க. அது வெறும் மனு ரசீது, எஃப்ஐஆர் வேணும். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கறோம், மேல் நடவடிக்கை வேண்டாம்"னு எழுதிக் குடுத்தீங்கன்னா கதை அங்கயே முடிஞ்சுது. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த விபத்துன்னா எஃப்ஐஆர்ல பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றவியல் சட்டம்) 281, 125 இந்த நம்பர்கள் இருக்கும். எலும்பு முறிஞ்சிருந்தா அது கொடுங்காயம், அதுக்கு 125 பி. முதல்ல சாதாரண காயம்னு 125 ஏ மட்டும் போட்டிருந்தா பயப்பட வேண்டாம், காயச் சான்றிதழ் வந்ததும் பிரிவை மாத்தி ஆல்டரேஷன் ரிப்போர்ட் போடுவாங்க. போட்டாங்களான்னு நீங்கதான் போய்ப் பாக்கணும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து முடிக்கற வரைக்கும் உங்க வண்டிய ரிப்பேருக்கு விடாதீங்க. பக்கத்துக் கடை சிசிடிவி கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சுடும், கடைக்காரர்கிட்ட காப்பி கேக்கறதோட நிக்காம அதைக் கைப்பற்றச் சொல்லி ஐஓகிட்ட (கேஸை விசாரிக்கற போலீஸ் அதிகாரி) எழுத்துல மனு குடுத்து ஒப்புகை வாங்குங்க.

2022 ஏப்ரல் முதல் புது விதி இருக்கு, முதல் விபத்து அறிக்கைய 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்பணும், விரிவான அறிக்கை 90 நாளுக்குள்ள. அதையே மனுவா எடுத்துக்கலாம்னும் சட்டம் சொல்லுது. நடைமுறைல அத நம்பி உக்காந்துடாதீங்க. எஃப்ஐஆர், மகஜர் (போலீஸ் ஸ்பாட்டைப் பாத்து சாட்சிகளோட எழுதறது), ரஃப் ஸ்கெட்ச் (ஸ்பாட்டோட வரைபடம்), ஆய்வாளர் ரிப்போர்ட், சார்ஜ் ஷீட், எல்லாத்தோட காப்பியும் வாங்கி வைங்க. தமிழ்நாடு போலீஸ் போர்ட்டல்லயே விபத்து ஆவணங்களைப் பணம் கட்டி இறக்கிக்கற வசதி இருக்கு, ஸ்டேஷனுக்கு நடக்கறதை விட அது மேல்.

ஸ்டெப் 4: பேப்பர், பேப்பர், பேப்பர்

எக்ஸ்ரே ஃபிலிம் (ரிப்போர்ட் மட்டும் போதாது), டிஸ்சார்ஜ் சம்மரி, பார்மசி பில் ஒவ்வொண்ணும், பிசியோதெரபி சீட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வண்டி வாடகை. பில்லுல பேஷண்ட் பேர் இல்லன்னா அங்கயே நின்னு எழுதி வாங்குங்க. பார்மசி பில் பாதி தெர்மல் பேப்பர், கேஸ் நம்பர் வர்றதுக்குள்ள வெள்ளைத் தாளா மாறிடும், அதனால வாங்குன அன்னைக்கே அடோப் ஸ்கேன்ல பிடிஎஃப் ஆக்கிடுங்க. வேற சில ஸ்கேனர் ஆப்கள் ஓரத்துல அவங்க பேர் அச்சடிக்கும், கோர்ட் பேப்பர்ல அது அசிங்கம். ஒரிஜினலுக்கு சாதா பாக்ஸ் ஃபைல், பஞ்ச் பண்ணாதீங்க.

மெடிக்ளைம் இருந்தா அந்த கம்பெனி ஒரிஜினல் பில்லை வாங்கிக்கும். குடுக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில சீல் வச்சு இன்னொரு செட் வாங்கிடுங்க. முதல் 48 மணி நேரம் தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல இலவசமா பாத்திருந்தாலும் கேஸ் போடத் தடையில்ல, செலவு மட்டும்தான் நஷ்டஈடுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. வலி வேதனை, வருமான இழப்பு, கூட இருந்து பாத்துக்கிட்டவருக்கு, சத்தான சாப்பாட்டுக்கு, எல்லாத்துக்கும் தனித்தனி தலைப்புல கேக்கலாம்.

இன்னொண்ணு, டாக்டர் திரும்ப வரச் சொன்ன தேதில போங்க. வலியோட வீட்டுல இருந்துட்டு நாலு மாசம் கழிச்சு போனா "நடுவுல நல்லாத்தானே இருந்தாரு"ன்னு அந்த இடைவெளியைத்தான் பிடிப்பாங்க. அதே நேரத்துல கல்யாண வீட்டுல நிக்கற போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டு வைக்காதீங்க, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற இன்வெஸ்டிகேட்டர் பாப்பாரு. வீட்டுக்கே வந்து அன்பா பேசி ஸ்டேட்மென்ட்ல கையெழுத்து கேப்பாரு, "வக்கீல் வழியா வாங்க சார்"னு சொல்லி காபி குடுத்து அனுப்பிடுங்க.

ஸ்டெப் 5: வருமானமும் ஊனமும்

சம்பளக்காரருக்கு சம்பள சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், லீவு போட்ட விவரத்தோட ஆபீஸ் லெட்டர். சொந்தத் தொழில்னா வருமான வரி ரிட்டர்ன். ஒண்ணும் இல்லன்னாலும் தீர்ப்பாயம் ஒரு உத்தேச வருமானம் எடுக்கும், ஆனா அது குறைவா இருக்கும்.

ஊனம்னு வரும்போது ஒண்ணு புரிஞ்சுக்கணும், மெடிக்கல் போர்டு குடுக்கற சதவீதமும் சம்பாதிக்கற திறன்ல விழற சதவீதமும் ஒண்ணு இல்ல. 2010ல ராஜ்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதத் தெளிவா பிரிச்சுருக்கு. முழங்கால் மடங்காத ஆள் கம்ப்யூட்டர் வேலைன்னா ஒரு கணக்கு, கொத்தனார்னா வேற கணக்கு. அதனால நீங்க தினமும் என்ன வேலை செய்யறீங்க, எதுல ஏறணும், எதத் தூக்கணும்னு வக்கீல்கிட்ட விளக்கமா சொல்லுங்க, "கூலி வேலை"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சுடாதீங்க. அந்த இழப்பை வயசுக்கு ஏத்த பெருக்கல் எண்ணால பெருக்குவாங்க, 31ல இருந்து 35 வயசுக்கு 16, 46ல இருந்து 50க்கு 13, இப்படி குறைஞ்சுகிட்டே வரும்.

ஸ்டெப் 6: மனு

விபத்து நடந்த நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள. 2022 ஏப்ரல் 1ல இருந்து இந்தக் கெடு திரும்ப வந்துருச்சு, இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல வழக்கு இருக்கு, ஆனா உங்க கேஸை அதுக்குப் பரிசோதனை எலி ஆக்காதீங்க. விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்கற ஊர் தீர்ப்பாயத்துலயும் போடலாம்.

வக்கீலை நீங்களே தேடுங்க. வார்டுல பெட் பெட்டா வந்து கார்டு குடுக்கறவங்க புரோக்கர். வெத்து வக்காலத்துலயும் (வக்கீலுக்கு அதிகாரம் குடுக்கற பேப்பர்) வெத்துப் பேப்பர்லயும் கையெழுத்து கூடாது, பேங்க் பாஸ்புக் உங்க கைல இருக்கட்டும்.

வாசகர்கள் கேட்டதுக்கு அப்புறம் சேத்தது

ஒருத்தர் எஃப்ஐஆர் போட லேட்டாயிடுச்சுன்னு கேட்டிருந்தார். ஆஸ்பத்திரில உயிருக்குப் போராடிட்டு இருக்கறப்ப ஸ்டேஷனுக்கு யார் ஓடுவா, தாமதம்ங்கற ஒரே காரணத்துக்காக தள்ளக்கூடாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் ரவி வழக்குல சொல்லியிருக்கு. ஆனா தாமதத்துக்குக் காரணம் எஃப்ஐஆர்லயே எழுதியிருக்கணும்.

மோதிட்டு நிக்காம போயிட்டா என்னங்கறது இன்னொரு கேள்வி. வண்டியே தெரியலன்னா தீர்ப்பாயம் இல்ல, ஹிட் அண்ட் ரன் திட்டம், கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம், தாலுகா அளவுல மனு.

மூணாவது, இன்சூரன்ஸ்ல இருந்து மோட்டார் வாகன சட்டம் 164 பிரிவுல ரெண்டரை லட்சம் தர்றோம்னு வந்தா வாங்கலாமா? கொடுங்காயத்துக்கு யார் தப்புன்னு நிரூபிக்காமயே கிடைக்கற தொகை அது. சின்ன முறிவு, சீக்கிரம் ஆறிடும்னா மோசமில்ல. ஆனா அதை ஏத்துக்கிட்டா தீர்ப்பாயத்துல இருக்கற உங்க மனு காலாவதி ஆயிடும். சமரசமா பேசி முடிக்கற லோக் அதாலத்லயும் (மக்கள் நீதிமன்றம்) இதே மாதிரிதான், அங்க ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அப்பீல் கிடையாது. எலும்பைச் சேக்க வச்ச பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்குன்னா அந்தச் செலவுக்கு டாக்டர்கிட்ட எஸ்டிமேட் வாங்கி ஃபைல்ல வச்சுட்டு அப்புறமா பேச உக்காருங்க.