வெளிநாடு போகிற மணமக்களுக்குப் பரிசு: பாத்திரக் கடைக்காரன் சொல்லும் தவறுகள்

போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் நாலு பையன்கள் கடைக்கு வந்தார்கள். கூடப் படித்தவனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை பெண் ரெண்டு பேருக்கும் அயர்லாந்தில் வேலை, பத்து நாளில் கிளம்பிவிடுவார்கள், எல்லோரும் சேர்ந்து ஒன்பதாயிரம் வசூல் பண்ணியிருக்கிறோம், அதோ அந்த மூணடி விளக்கை எடுங்கள் என்றார்கள். எப்படிக் கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். "அப்புறமா கூரியர் பண்ணிக்கலாம்ணே" என்றான் கண்ணாடி போட்ட பையன்.

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவன் மேல் இல்லை. ஒரு காலத்தில் இதே வார்த்தையைச் சொல்லிப் பட்டவன் நான்.

கும்பகோணத்தில் பித்தளை, வெண்கலம், ஈயம், எவர்சில்வர் விற்கிற கடை எங்களுடையது. அப்பா காலத்தில் சீர்வரிசைச் சாமான் மாட்டு வண்டியில் போனது, அப்புறம் டெம்போவில் போனது. இப்போது கடைக்கு வருகிற கல்யாணங்களில் பாதிக்கு ஒரு கால் விமான நிலையத்தில் இருக்கிறது. ஆனால் பரிசு வாங்க வருகிறவர்கள் இன்னும் டெம்போ கணக்கிலேயே வாங்குகிறார்கள். கண்ணாடி உடையும், எண்ணெய் கொட்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். (இதைப் படித்தால் கல்லாவில் உட்காரும் என் தம்பி திட்டுவான். பரவாயில்லை.)

கையில் தூக்கிப் பார்த்து வாங்குவது

"அஞ்சு கிலோதானே, ஒரு கையிலேயே தூக்கலாம்" என்பார்கள். தூக்கலாம், கடையிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும்.

பல விமானங்களில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி, கையில் 7 கிலோ. அமெரிக்கா என்றால் ரெண்டு பெட்டி கிடைக்கும், வளைகுடா என்றால் மொத்தம் 30 கிலோ என்று சில டிக்கெட்டில் இருக்கும். கூடக் காசு கட்டினாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். சரி, 23 கிலோ நிறையத்தானே என்று தோன்றும். கல்யாணப் பெண்ணின் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டுப்புடவை, அம்மா அரைத்த மிளகாய்ப்பொடி, மாமியார் கொடுத்த ஊறுகாய், வடகம், ரெண்டு மாதத்துக்கான மாத்திரை என்று அது கல்யாணத்துக்கு முன்பே 22 கிலோவுக்கு வந்து நிற்கும். மிச்சமிருக்கும் ஒரு கிலோவில்தான் உங்கள் பரிசும், அந்த மண்டபத்தில் சாப்பிட்ட முந்நூறு பேரின் பரிசும் போட்டி போட வேண்டும்.

என் கணக்கு இதுதான்: ஒரு கிலோவுக்குள், ஒரு டிபன் டப்பா அளவுக்குள். உள்ளே காலியாக இருக்கிற சாமான் என்றால் இன்னும் நல்லது, அதற்குள் சாக்ஸைத் திணித்துக்கொள்வார்கள்.

அப்புறம் அனுப்பிக்கலாம் என்பது

2017 தை மாதம் என் தம்பி பெண்ணுக்குக் கல்யாணம். ரெண்டு பேருக்கும் மான்செஸ்டரில் வேலை. பெரியப்பா பாத்திரக் கடைக்காரர், அவர் கொடுப்பது மற்றவர்கள் கொடுப்பதைவிடச் சின்னதாக இருந்தால் ஊர் என்ன சொல்லும்? நாச்சியார்கோவிலில் சொல்லிவைத்து, அன்னம் வைத்த ரெண்டரை அடிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி வார்த்து வாங்கினேன். ரெண்டும் சேர்ந்து 11 கிலோ. அடக்க விலையே 7,200 ரூபாய். மேடையில் கொடுத்தபோது வீடியோக்காரர் லைட்டை அதன் மேல் அடித்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டிகளை எடை போட்டார்கள். விளக்குக்கு இடமே இல்லை. "இங்கயே இருக்கட்டும் பெரியப்பா, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன்" என்றுதான் அவள் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். "நீ போம்மா, நான் அப்புறம் அனுப்பிவைக்கிறேன்" என்று வீறாப்பாகச் சொன்னது நான்.

விளக்கை மரை கழற்றி, அடி, தண்டு, அகல், அன்னம் என்று தனித்தனியாகத் தாளில் சுற்றி, கடை வழக்கப்படி வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டினேன். கூரியர் அலுவலகத்துப் பையன் வைக்கோலைப் பார்த்ததும் கும்பிட்டே விட்டான். அதில் பூச்சி வரும், பூஞ்சை வரும், அந்த ஊர்ச் சுங்கத்தில் மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடுவார்கள் என்றான். எல்லாவற்றையும் பிரித்து, தெர்மோகோல் வாங்கி, அது கொள்ளுகிற மாதிரி இன்னும் பெரிய அட்டைப்பெட்டியில் மறுபடி கட்டினோம். எடை 13 கிலோ. கிலோவுக்கு 560 ரூபாய் என்று முதலிலேயே கேட்டுவைத்திருந்தேன், மனசுக்குள் 7,280 என்று கணக்குப் போட்டு, விளக்கு விலைக்கே வந்துவிட்டதே என்று நொந்துகொண்டு பணத்தை எடுத்தேன். பில் வந்தது: 13,440.

தப்பாகப் போட்டிருக்கிறாய் தம்பி என்றேன். அவன் ஒரு டேப்பை எடுத்து அளந்து காட்டினான். நீளம் 65, அகலம் 45, உயரம் 40, எல்லாம் சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 1,17,000. அதை 5,000 ஆல் வகுத்தால் 23.4, மேலே தள்ளி 24 கிலோ. விமானத்தில் எடைக்கும் காசு, அடைக்கிற இடத்துக்கும் காசு, ரெண்டில் எது அதிகமோ அதைப் போடுவார்கள். முப்பது வருஷம் தராசில் நிறுத்தே வியாபாரம் செய்தவனுக்கு இப்படி ஒரு நிறுவை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் விளக்கு பத்திரமாகப் போக வேண்டும் என்று ஆசை ஆசையாய் அடைத்த தெர்மோகோலுக்குப் பதினொரு கிலோ காசு.

அத்தோடு முடியவில்லை. சுங்க விண்ணப்பத்தில் பரிசு என்று எழுதிவிட்டால் வரி கிடையாது என்று அதே பையன் சொன்னான், நானும் எழுதி, விலை 7,200 என்று உள்ளபடி போட்டேன். பரிசுக்கும் உச்சவரம்பு உண்டு என்று ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. பிரிட்டனில் தபாலிலோ கூரியரிலோ வரும் பரிசு 39 பவுண்டுக்குள் இருந்தால்தான் வாட் வரி இல்லை. மேலே போனால் 20 சதவீதம், அதுவும் பொருள் விலைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அனுப்பிய கூலியையும் சேர்த்துப் போடுகிறார்கள். விளக்கு சுமார் 85 பவுண்டு, நான் கட்டிய கூரியர் கூலி கிட்டத்தட்ட 158. ரெண்டுக்கும் சேர்த்து வரி, அதற்கு மேல் வரியை முன்னால் கட்டி வசூலித்துத் தந்ததற்குக் கூரியர்காரர் கட்டணம். கல்யாணமாகி ஒரு மாதம் ஆன பெண் வாசலில் நின்று 60 பவுண்டு கொடுத்துப் பெரியப்பா பரிசை மீட்டிருக்கிறாள்.

என்னிடம் சொல்லவே இல்லை. "ரொம்ப அழகா இருக்கு பெரியப்பா" என்று போனில் சொன்னாள். ரெண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது மாப்பிள்ளைதான், "மாமா, உங்க விளக்கு ஏலத்துல எடுத்த மாதிரி வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு, கூலி, வரி எல்லாம் கூட்டினால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். இதில் பெரிய கூத்து, அதை அங்கே ஏற்றவே முடியவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்குள் மெழுகுவர்த்தியோ விளக்கோ ஏற்றக் கூடாது என்று இருந்ததாம், கீழே சுவருக்குச் சுவர் கார்ப்பெட், ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள். அலமாரியில் நின்றது. வீடு மாற்றியபோது ஒன்றைப் பெட்டியில் போட்டு இங்கேயே திரும்பக் கொண்டுவந்து தம்பி வீட்டில் வைத்துவிட்டாள். ஜோடியில் ஒன்று கும்பகோணத்தில், ஒன்று மான்செஸ்டரில்.

அதனால், அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டி வாங்குவதற்கு முன் அளவை 5,000 ஆல் வகுத்துப் பாருங்கள். போகிற நாட்டில் பரிசுக்கு என்ன வரம்பு என்று கேளுங்கள், அயர்லாந்து மாதிரி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 45 யூரோ. விலையைக் குறைத்து எழுதச் சொல்லி யோசனை தருகிற மகானுபாவர்கள் இருப்பார்கள். பிடிபட்டால் பதில் சொல்லப் போவது நீங்கள் இல்லை, அந்தப் பெண்.

அடுப்பைக் கேட்காமல் பாத்திரம் வாங்குவது

வெண்கல உருளி, கல்சட்டி, ஈயச்சொம்பு என்று இப்போது எல்லோருக்கும் பழைய சாமான் மேல் ஆசை வந்திருக்கிறது, எனக்கும் வியாபாரம் நடக்கிறது. ஆனால் வெளிநாட்டு அடுக்குமாடிகளில் பல இடங்களில் இண்டக்‌ஷன் அடுப்பு. பித்தளையும் செம்பும் ஈயமும் கல்லும் அதில் சூடே ஆகாது. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டிக்கொண்டால் வேலை செய்யும்.

ஈயச்சொம்பு விஷயம் தனி. எடை குறைவு, பெட்டியில் எளிதாகப் போகும், கேட்பவர்களுக்கு நானே சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரியில் உருகிவிடும். இங்கே அம்மாக்களுக்குத் தண்ணீரோ ரசமோ ஊற்றின பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும் என்று கை பழக்கமாகத் தெரியும். தண்டு தண்டாகச் சிவக்கிற மின்சார அடுப்பில், வேலையிலிருந்து வந்த களைப்பில், காலிச் சொம்பை வைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினால் அவ்வளவுதான், ரசம் வைக்கச் சொம்பு இருக்காது. என் வாடிக்கையாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அடுப்பில் வெள்ளிக் குளம் மாதிரி தேங்கி நின்றதைப் படம் எடுத்து அனுப்பினாள். கொடுப்பதாக இருந்தால் அதை எப்படி வைப்பது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள்.

கிரைண்டர், மிக்சி

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அங்கே செருகினால் நம் ஊர் மோட்டார் முனகும், மாவு அரையாது. பிரிட்டன், சிங்கப்பூர் என்றால் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஓடும் என்பதற்காகக் கல்லைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறச் சொல்வீர்களா?

கண்ணாடிச் சட்டம் போட்ட படம்

தஞ்சாவூர் ஓவியமாகவே இருந்தாலும் வேண்டாம்.

சாமி சிலை

சுவாமிமலை எங்களுக்குப் பக்கத்து ஊர், அங்கே நேற்று வார்த்த நடராஜர்கூடப் பார்வைக்கு நூறு வருஷத்துச் சிலை மாதிரி இருப்பார். அதுதான் சிக்கல். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனி ஆள் நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. புதிது என்பதை விமான நிலையத்தில் நின்று, விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நிரூபிக்க வேண்டியிருக்கும். பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பெரிய சிலை என்றால் இது பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழே வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு ஏதாவது கொடுங்கள்.

பால்கோவா

பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இங்கிருந்து பால் பொருள் கொண்டுபோகக் கூடாது. மண்டபத்திலேயே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.

பணம்தானே, கவரில் வைத்துவிடலாம் என்பது

தப்பில்லை, ஆனால் ரூபாய் நோட்டாக ஆளுக்கு 25,000 வரைதான் வெளியே எடுத்துப் போகலாம், அங்கே போய் அதை வைத்து என்ன செய்வது என்பது வேறு. மொய்க் கவர் பெரும்பாலும் மண்டபக் கணக்கைத் தீர்க்கப் போய்விடும். கடைகளின் கிஃப்ட் கார்டு அதைவிட மோசம், இந்தியத் தளத்தில் வாங்கியது இந்தியத் தளத்தில்தான் செல்லும். பெண்ணின் அம்மா அதில் மிக்சி வாங்கிக்கொள்வார்.

அப்போ என்னதான் கொடுக்கிறது

அந்தப் பையன்களும் இதைத்தான் கேட்டார்கள், கொஞ்சம் கடுப்போடு. முதலில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, எந்த விமானம், எவ்வளவு எடை என்று கேளுங்கள் என்றேன். சஸ்பென்ஸ் போய்விடும் என்றார்கள். போகட்டும். கேட்டதில் அவன் ஏற்கெனவே அஞ்சு கிலோ அதிகமாகி விழி பிதுங்கி நிற்கிறான் என்று தெரிந்தது. விமான நிலையத்தில் போய்க் கட்டுவதைவிட முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் கூடுதல் எடைக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் ஆகும். வசூல் பணத்தில் பெரும் பங்கை அதற்கே கட்டிவிடுங்கள், அவன் அம்மா கொடுத்த சாமான் ஒன்றைக்கூட இறக்கி வைக்காமல் போவான் என்றேன். மிச்சத்துக்கு ஒரு பித்தளை காபி ஃபில்டரும் ரெண்டு டபரா செட்டும் எடுத்துவைத்தேன். மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஃபில்டருக்கு அடுப்பே வேண்டாம், கெட்டிலில் கொதித்த தண்ணீர் போதும். உள்ளே காபிப்பொடிப் பொட்டலம் ஒன்றும் அடங்கும்.

எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணாடி போட்ட பையன் மெதுவாக, "ஸ்டேஜ்ல சின்னதா தெரியுமேண்ணே" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூணடி விளக்கு வந்த காலி அட்டைப்பெட்டி உள்ளே கிடந்தது. ஃபில்டரை அதன் நடுவில் வைத்து, சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஜிகினாத் தாள் ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. நாலு பேரும் அந்தப் பெட்டியை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு, கனம் தாங்காதவர்கள் மாதிரி முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.