ஓய்வுபெற்ற பொமரேனியனைப் பண்ணையிலிருந்து அழைத்து வருவது எப்படி?

குட்டி ஈனும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஐந்தாறு வயதுப் பொமரேனியன் பெண் நாய்களைப் பண்ணைக்காரர்கள் குறைந்த விலைக்கோ, விலையின்றியோ கொடுப்பதுண்டு. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இந்தியாவில் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

நாயை அது வாழும் இடத்திலேயே சென்று பாருங்கள். நடக்கும்போது பின்னங்கால் ஒன்றை ஓரிரு அடிகள் தூக்கிக்கொண்டு தத்தினால் முழங்கால் சில்லு விலகுகிறது என்று ஐயுறலாம். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் மூச்சுக்குழாய்த் தளர்ச்சியின் அறிகுறியாக இருக்கக்கூடும் (இவ்வினத்துக்குக் கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டையே ஏற்றது). உதட்டை உயர்த்திப் பற்களையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சிறிய இனங்களில் பற்காரையும் ஈறுநோயும் மிகுதி. இலவசமாக வந்த நாய்க்குப் பல் மருத்துவச் செலவே பெருந்தொகையாகிவிடும். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து வயதோடு கூடுவதால், அறுவை சிகிச்சை முடிந்ததா, இல்லையெனில் செலவு யாருடையது என்பதை எழுத்தில் பெறுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் வாங்குங்கள்.

கூண்டிலேயே வாழ்ந்த நாய்க்கு மாடிப்படியும் குக்கர் விசிலும்கூடப் புதியவை. ஒரு வாரமாவது பழைய உணவையே கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றுங்கள். வயது ஆறானாலும், குட்டிக்குச் செய்வதுபோலவே உணவுக்குப் பின்னும் தூங்கி எழுந்ததும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். அதுவாக அருகில் வரும்வரை தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.