முன்பணம் கட்டிப்போட்ட குடும்பத்தை மீட்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான வழிகாட்டி

கொத்தடிமை என்றதும் பலர் சங்கிலியையும் பூட்டிய அறையையும் தேடுகிறார்கள். அவை கண்ணில் படவில்லை என்றால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் ஆளைக் கட்டிவைப்பது, ஆள் பிடித்துவரும் மேஸ்திரியின் நோட்டில் எழுதிய முன்பணம். அதை அதிகாரிக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டம் கேட்பது

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் முதலில் கடனையோ முன்பணத்தையோ பார்க்கிறது. அதற்கு ஈடாக நான்கில் ஏதாவது ஒன்றை இழந்திருந்தால் போதும்: நியாயமான கூலி, வேறு இடத்தில் வேலை தேடும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கையும் நிரூபிக்கத் தேவையில்லை. பத்திரமும் தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும். "இது கொத்தடிமைக் கடன் அல்ல" என்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவு பணம் கொடுத்தவர் தலையில் வைக்கிறது.

"அவங்களா விரும்பித்தான் வந்தாங்க" என்பதே எப்போதும் வரும் மறுப்பு. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. வறுமையால் வேறு வழியின்றி குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான். பசியும் ஒரு வற்புறுத்தல் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மனுவில் இதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

மனுவுக்கு முன் கணக்கு

குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம்: முன்பணம் 50,000. ஒரு நாளைக்கு 1,500 செங்கல், ஆயிரம் கல்லுக்கு 600 ரூபாய் என்று பேச்சு. அப்படியானால் நாள் கூலி 900, ஆறு நாளைக்கு 5,400. வாரச் செலவுக்குக் கையில் கொடுத்தது 1,000. மீதி 4,400 வாராவாரம் கடனில் கழிய வேண்டும். பன்னிரண்டாவது வாரத்தில் கடன் தீர்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்தும் "இன்னும் முப்பதாயிரம் பாக்கி" என்று சொன்னால் கல்லைக் குறைத்து எண்ணியிருக்கிறார்கள், அல்லது மழையில் கரைந்த கல்லையும் மருந்துச் செலவையும் கடனில் ஏற்றியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை மனுவோடு இணையுங்கள். பொதுவாக "கூலி தரவில்லை" என்று எழுதும் மனு, கூலித் தகராறு என்று தொழிலாளர் துறைக்குப் போய்விடும். பாக்கிக் கூலி வந்தாலும் வரலாம், கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்று வராது.

அடுத்து நடமாட்டம். "அடைத்து வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். சந்தைக்குப் போகும்போது புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போக முடியுமா என்று கேளுங்கள். ஊரில் சாவு விழுந்தபோது யாரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்? ஆதார், ரேஷன் கார்டு, போன் யார் கையில்? முன்பு ஓடிப்போன குடும்பத்தை என்ன செய்தார்கள்? ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்புவதுதான் பூட்டு இல்லாத பூட்டு. தேதியோடு அப்படி ஒரு சம்பவம் கிடைத்தால் மனு உறுதியாக நிற்கும்.

எங்கே கொடுப்பது

மனு மாவட்ட ஆட்சியர் பெயருக்கு. நகல் கோட்டாட்சியருக்கு. தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி வட்டங்கள் தருமபுரி கோட்டத்தில் வரும். அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூர் கோட்டம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குவாரி என்றால் ஓசூர் சார் ஆட்சியர். பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை என்றால் கிருஷ்ணகிரி கோட்டாட்சியர்.

ஆள் எந்த மாவட்டத்தில் வேலை செய்கிறாரோ அந்த மாவட்ட அதிகாரிதான் விடுதலைச் சான்று தர வேண்டும். நம் ஊர்க் குடும்பம் குடகுக் காப்பித் தோட்டத்திலோ பெங்களூருப் பக்கத்திலோ மாட்டியிருந்தால் மனு அங்குள்ள மாவட்ட நிர்வாகத்துக்குப் போக வேண்டும், நகல் இங்குள்ள ஆட்சியருக்கு. சான்று இல்லாமல் அவசரத்தில் பஸ் ஏற்றி ஊருக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தவறு இது. எல்லை தாண்டிய பிறகு சான்று வாங்குவது மிகக் கடினம்.

மனு கொடுக்கும் வரை சூளைக்குப் போய் விசாரிக்காதீர்கள். ஏஜென்டுக்குச் செய்தி போனால் அன்றிரவே குடும்பத்தை வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகப் படிக்காமல், ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடி உதை நடக்கிறது என்றால் 112. குழந்தை இருந்தால் 1098. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100.

விசாரணை நாள்

பல மனுக்கள் தோற்பது இங்கேதான். முதலாளி பக்கத்தில் நிற்க, அதிகாரி "உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலாளி இல்லாத இடத்தில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.

சீருடையையும் ஜீப்பையும் கண்டு இந்த மக்கள் பயப்படுவதை அறியாமை என்று நினைக்காதீர்கள். அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று ஊருக்குள் புகுந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள், 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விசாரிக்க வரும் கோட்டாட்சியரும் வருவாய்த்துறைதான். முதல் நாள் வாய் திறக்காத பெண், தனக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பேசுவார். அந்த ஒருவராக இருங்கள்.

சான்றில் பார்க்க வேண்டியது

உழைத்த ஒவ்வொருவருக்கும் தனிச் சான்று வேண்டும். கணவன் பெயருக்கு மட்டும் கொடுத்து மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. 2016இல் வந்து 2021இல் திருத்தப்பட்ட மத்திய மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் 3 லட்சம். ஆகவே மனைவி பெயர் விடுபட்டால் பெரிய தொகையே போய்விடும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. இதற்கென மாவட்டத்தில் குறைந்தது 10 லட்சம் நிதி இருக்க வேண்டும், எனவே "பணம் இன்னும் வரவில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். அவரவர் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் அன்றே தொடங்குங்கள்.

பெரும்பாலும் முழுத் தொகை, கோட்டாட்சியர் நடத்த வேண்டிய சுருக்க விசாரணை (முதலாளி மீதான வழக்கைச் சுருக்கமாக விசாரித்து முடிப்பது) முடியவில்லை என்று சொல்லித்தான் தேங்குகிறது. மாதம் ஒருமுறை அதன் நிலையை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் என்றால் கொத்தடிமையாக வேலை வாங்குவதைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(1)(எச்) முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருளர் குடும்பங்களில் பலரிடம் சாதிச் சான்று இருக்காது, அதற்கும் அன்றே மனு போடுங்கள்.

ஊருக்கு வந்த சில வாரத்தில் மேஸ்திரி வீட்டுக்கு வருவார். "பாதியாவது கொடு, பிரச்சினை வேண்டாம்" என்பார். வெட்கத்தாலும் பயத்தாலும் ஆட்டை விற்றுக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கடன் சட்டப்படி செத்துவிட்டது. தீர்ந்துபோன கடனுக்குப் பணம் வாங்குவதே கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். விடுதலைச் சான்றின் நகலை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் வந்த தேதி, நேரம், வண்டி எண்ணை எழுதி, அந்தத் தாளோடு காவல் நிலையத்துக்குக் கூடப் போங்கள்.