ஏசி, ஹீட்டர் மொத்தமாக மாற்றப் போகிறீர்களா? கொட்டேஷனை இப்படிப் படியுங்கள்

எங்கள் வீட்டில் கோடைக்குக் குளிரும் பனிக்காலத்துக்குச் சூடும் ஹீட் பம்ப் என்ற ஒரே இயந்திரத்திலிருந்துதான். டக்ட் எனும் காற்றுக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் போகும். பதினாறு வருடம் ஓடிய அது போன வருடம் கம்ப்ரசர் போய் நின்றுவிட்டது. மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! யாரோ தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து படித்துப் பார்த்தால், மூவரும் வெவ்வேறு வேலைக்கு விலை போட்டிருந்தார்கள்.

படி 1: பழைய லேபிள்

வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஆர்-22 என்றிருந்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம். ஓசோனை அரிப்பதால் 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகெங்கும் கைவிடப்பட்டு வரும் கேஸ் அது. வெளி யூனிட்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வீட்டுக்குள் இருக்கும் குளிர்விக்கும் சுருள் (காயில்) அதற்குப் பொருந்தாவிட்டால் புது யூனிட்டின் லேபிளில் போட்ட சேமிப்பு கிடைக்காது.

படி 2: எத்தனை டன்?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். பழையது 3 டன், அதனால் புதியதும் 3 டன் என்று நானே சொல்லிவிட்டேன். மூன்றில் இருவர் மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதிக்கொண்டார்கள். மூன்றாமவர்தான் ஜன்னல்களை அளந்தார், பரணில் ஏறிப் பார்த்தார், "பழைய மெஷின் எவ்வளவு நேரம் ஓடி எவ்வளவு நேரம் நிற்கும்?" என்று கேட்டார்.

நல்லவேளை, பதில் என்னிடம் இருந்தது. அதற்கு முந்தைய கோடையில், சத்தம் தாங்காமல், கொளுத்தும் ஒரு மதியம் முழுக்கக் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்து குறித்திருந்தேன். ஏழு நிமிடம் ஓடும், எட்டு நிமிடம் நிற்கும். மணிக்கு 28 நிமிடம்தான் வேலை. பாதி நேரம்கூட ஓடவில்லை, அதாவது அப்படிக் கொளுத்தும் நாளில்கூட எங்களுக்குத் தேவைப்பட்டது 3 டன்னில் பாதியான ஒன்றரை டன்னுக்கும் குறைவு. பெரிய மெஷின் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுவதால் காற்றின் ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே இருப்பதில்லை. வீடு ஜில்லென்று இருந்தும் ஏன் பிசுபிசுத்தது என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசியில் 2 டன் போட்டோம்.

(டன் என்பது மெஷினின் எடை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக வைக்கும் வெப்பம்தான் கணக்கு: மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), சுமார் 3.5 கிலோவாட்.)

படி 3: எழுதாமல் விட்டவை

மூன்று கொட்டேஷனையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். பேனாவும் பேப்பரும் இதற்குச் சரிப்படாது. பழையதைக் கழற்றி கேஸை முறையாக எடுப்பது, காப்பர் பைப், தண்ணீர் வடியும் குழாய், புது பிரேக்கர், டக்ட் ஒழுக்கை அடைப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒழுகும் டக்டில் காற்றில் 20 முதல் 30 சதவீதம்கூட வீணாகலாம், அதனால் அந்த வரியை வெட்டாதீர்கள். என் மலிவான கொட்டேஷனில் இவற்றில் பாதி இல்லை.

வேக்கும் போடுவதையும், அதாவது கேஸ் விடுமுன் பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதையும், எழுத்தில் கேளுங்கள். "அரை மணி நேரம் பம்ப் ஓட்டுவோம்" என்பது பதிலே இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மைக்ரான் மீட்டர் 500க்குக் கீழே இறங்க வேண்டும், பம்பை நிறுத்திய பிறகு முள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகக் கூடாது. அந்த மீட்டர் இல்லாமல் வருபவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

படி 4: ஓடும் செலவு

திறன் என்பது ஒரு பங்கு கரண்டுக்கு எத்தனை பங்கு குளிர் கிடைக்கிறது என்பது. 3.5 கிலோவாட் குளிருக்கு, திறன் 3 என்றால் மணிக்கு 1.17 யூனிட் கரண்ட். 4 என்றால் 0.875. வருடத்துக்கு 1,000 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 12 வருடத்தில் வித்தியாசம் 3,500 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்குங்கள். திறன் கூடிய மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கும் விலை அந்தத் தொகையைத் தாண்டினால், கரண்டுக்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: கடிகாரக் கணக்கு இன்வெர்ட்டர் மெஷினுக்கு வராது என்று ஒருவர் கமென்டில் சொன்னார். சரிதான், அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். கேஸ் குறைந்த பழைய மெஷினிலும் கணக்கு தப்பும்.

இன்னொன்று: வெளியே குளிர் ஏற ஏற ஹீட் பம்ப் தரும் சூடு குறையும். பனி அதிகமுள்ள ஊர்க்காரர்கள் கோடை மதியக் கணக்கை விட்டுவிட்டு, மிகக் குளிரான இரவில் அந்த மாடல் எவ்வளவு சூடு தரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதை வைத்து டன்னை முடிவு செய்யுங்கள்.