கணக்கில் பணம் இருக்கிறது, சம்பளம் கொடுக்க வழியில்லை: தொண்டு அமைப்புகள் நிதியில் செய்யும் தவறுகள்

வங்கிக் கணக்கில் கணிசமான தொகை இருக்கும். ஆனால் ஒருங்கிணைப்பாளருக்கு இந்த மாதச் சம்பளம் கொடுக்க வழி இருக்காது. சிறிய தொண்டு அமைப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. அந்தக் கணக்கில் கிடப்பது ஒரே வகைப் பணம் இல்லை என்பதுதான் காரணம். இன்ன காரியத்துக்கு என்று சொல்லித் தந்த பணம் ஒன்று, எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று வந்த பணம் இன்னொன்று. இரண்டையும் பிரித்து வைக்காததில்தான் பெரும்பாலான சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன.

சக்கர நாற்காலி வாங்க வந்த நன்கொடையில் வாடகையைக் கட்டிவிட்டு, அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் இது சட்டப்படியே தவறு. பிரித்து வைக்க ஒவ்வொரு நிதிக்கும் தனி வங்கிக் கணக்கு தேவையில்லை. வரவு செலவு ஏட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 'எந்த நிதி' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். மாதக் கடைசியில் நிதி வாரியாக மீதியைப் போட்டுக் கூட்டுங்கள், மொத்தம் வங்கி இருப்போடு ஒத்துப்போக வேண்டும். பொது நிதி, அதாவது எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று வந்த பணம், மைனஸில் நின்றால், யாருக்கோ போய்ச் சேரவேண்டிய சக்கர நாற்காலி வாடகையாகக் கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சிக்கலை நாமே இழுத்துவிட்டுக்கொள்ளும் இடமும் உண்டு. நிதி கேட்கும் துண்டறிக்கையில் "10 நாற்காலிகள் வாங்க உதவுங்கள்" என்று மட்டும் அச்சடித்தால், 15 நாற்காலிக்கான பணம் வந்தாலும் மிச்சத்தை வேறு எதற்கும் தொட முடியாது. "தேவைக்கு மேல் சேரும் தொகை அமைப்பின் மற்ற உதவிப் பணிகளுக்குப் பயன்படும்" என்ற ஒரே வரியை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

முழுச் செலவைக் கேட்காமல் விடுவது

எல்லாவற்றிலும் அதிகம் அடிபட வைக்கும் தவறு இது. மாலை நேரப் படிப்புத் திட்டம் ஒன்றுக்கு மானியம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஊதியம், நோட்டுப் புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து நேரடிச் செலவு ஆண்டுக்கு 100 பங்கு (எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி தொகையைப் பங்காகச் சொல்கிறேன்). விண்ணப்பத்திலும் 100 என்றே எழுதுகிறீர்கள். ஆனால் அலுவலக வாடகை, கணக்கர், தணிக்கை, தொலைபேசி, காப்பீடு ஆகியவற்றை யார் தருவார்கள்?

கணக்கு இப்படிப் போகும். அமைப்பு நடத்தும் மூன்று திட்டங்களின் நேரடிச் செலவு 100, 60, 40, ஆக மொத்தம் 200. வாடகை, கணக்கர் போன்ற பொதுச் செலவு ஆண்டுக்கு 50. ஐம்பதை இருநூறால் வகுத்தால் 25 சதவீதம். அப்படியானால் படிப்புத் திட்டத்தின் உண்மையான செலவு 125. நூறு மட்டும் வாங்கிக்கொண்டு நடத்தினால், மிச்சம் 25 ஒவ்வொரு ஆண்டும் பொது நிதியிலிருந்து போகும். இதே முறையில் இன்னும் இரண்டு மானியம் கிடைத்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அமைப்பு வளர்வதாக வெளியே தெரியும், உள்ளே பணம் வற்றிக்கொண்டிருக்கும்.

'நிர்வாகச் செலவு 25 சதவீதம்' என்று மொத்தையாக எழுதினால் கொடையாளர் வெட்டிவிடுவார். உடைத்து எழுதுங்கள்: ஒருங்கிணைப்பாளரின் வேலை நேரத்தில் வாரத்துக்கு இத்தனை மணி, கட்டடத்தில் இந்தத் திட்டம் பிடிக்கும் இடத்துக்கு உரிய வாடகை, தணிக்கைக் கட்டணத்தில் இத்தனை பங்கு. இதற்கு ஊழியர்கள் எழுதும் நேரக் குறிப்பேடு வேண்டும். நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுவதைப் பெருமையாக நினைக்கும் பழக்கம் நல்ல அமைப்புகளைக்கூட மெலிய வைக்கிறது.

பணம் வரும் நாளைப் பார்க்காமல் விடுவது

மானியம் உறுதியானதும் பணம் கைக்கு வந்ததாக எண்ணிவிடுகிறார்கள். செலவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் காட்டினால் திருப்பித் தரும் வகை மானியங்கள் நிறைய. மாதச் செலவு 10 என்றால் மூன்று மாதத்தில் 30 போய்விடும். அறிக்கை அனுப்பி, அதைச் சரிபார்த்துப் பணம் வர இன்னும் இரண்டு மாதம் ஆகலாம், அதற்குள் செலவு 50. இந்த 50 கையில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் தர முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள், கேட்டால் சம்மதிக்கும் கொடையாளர்கள் இருக்கிறார்கள்.

மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதில் குறித்த காரியத்துக்கான நிதியைச் சேர்த்துக் காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இந்தக் கையிருப்பைச் சிறு நன்கொடையாளர்களிடமிருந்து சேர்க்கலாம். மாதம் ஒரு பங்கு தரும் 200 பேர் இருந்தால் ஆண்டுக்கு 2,400 பங்கு, அதுவும் எந்தக் கட்டும் இல்லாத பணம். அவர்களில் சிலர் விலகிப்போவது கோபத்தால் இல்லை, யாரும் கவனிக்கவில்லை என்ற உணர்வால். பணம் வந்த இரண்டு நாளுக்குள் பெயர் சொல்லி நன்றிக் கடிதம் போகட்டும். அந்தக் கடிதத்திலேயே அடுத்த உதவியைக் கேட்காதீர்கள்.

உண்டியல் வசூலில் ஒழுங்கு இல்லையென்றால் நேர்மையானவர் மீதும் சந்தேகம் விழும். உண்டியலுக்கு எண்ணும் சீலும் வேண்டும். உறவினர் அல்லாத இரண்டு பேர் சேர்ந்து திறந்து, எண்ணி, தாளில் தொகை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதிலிருந்து ஆட்டோ கட்டணம்கூட எடுக்காமல் முழுத் தொகையையும் வங்கியில் கட்டுங்கள். எடுத்துவிட்டு மீதியைக் கட்டினால் வசூலும் குறைவாகப் பதிவாகும், செலவும் ஏட்டில் ஏறாது.

பொருளாக வரும் நன்கொடைக்கு, என்னென்ன தேவை என்ற பட்டியல் முதலில் நம்மிடமிருந்து போகவேண்டும். தேவையில்லாத பழைய துணி மூட்டைகள் வந்து குவிந்தால் அடுக்கவும் பிரிக்கவும் ஆள் வேண்டும். ரசீதில் பொருளையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள், விலையை ஊகித்துப் போடாதீர்கள்.

கடைசியாக, செலவாகாத மானியம். ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது மிச்சத்தைத் தீர்க்க லேப்டாப்பும் நாற்காலியும் வாங்கிக் குவிப்பது தணிக்கையில் உடனே கண்ணில் படும். ஒன்பதாவது மாதத்திலேயே ஒப்புக்கொண்ட பட்ஜெட்டையும் நடந்த செலவையும் தலைப்பு வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சம் தெரிந்தால், ஏன் மிஞ்சியது, எதற்கு மாற்ற விரும்புகிறோம், எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று மூன்று வரியில் கொடையாளருக்கு எழுதுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் அந்தப் பணத்தைத் தொட வேண்டும். அந்தப் பதிலையும் வவுச்சர் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.