ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கு: கறுப்பர், வெள்ளையர் கருத்துக்கணிப்புகளைப் படிப்பது எப்படி?

1995 அக்டோபர் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு), கறுப்பினத்தவரான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனை இரட்டைக் கொலை வழக்கிலிருந்து விடுவித்தது. கொல்லப்பட்ட அவருடைய முன்னாள் மனைவியும் அவரது நண்பரும் வெள்ளையர்கள். ஆரவாரம் செய்யும் கறுப்பின மாணவர்களையும் அதிர்ந்துபோன வெள்ளையர்களையும் தொலைக்காட்சிகள் மாற்றி மாற்றிக் காட்டின. அந்தக் காட்சியை மட்டும் நம்பி இன்றும் பலர் எழுதுகிறார்கள். இந்த வழக்கை ஆய்வுக்கு எடுக்கும் இதழியல், சமூகவியல் மாணவர்கள் கருத்துக்கணிப்புகளிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் அவற்றைப் படிக்க ஒரு முறை உண்டு.

முதலில், என்ன கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். ‘கொலை செய்தவர் அவர்தானா?’, ‘தீர்ப்பு சரியா?’, ‘விசாரணை நியாயமாக நடந்ததா?’ மூன்றும் வேறு வேறு கேள்விகள். அவர்தான் செய்திருப்பார் என்று நினைக்கிற ஒருவரே, அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை, விடுதலை சரிதான் என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கட்டுரை முழுவதும் தடம் மாறிவிடும்.

அடுத்தது மாதிரியின் அளவு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 1,000 பேரிடம் எடுத்த தேசிய கணிப்பில் பிழை வரம்பு ஏறக்குறைய 3 புள்ளி. ஆனால் அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 12, 13 சதவீதம்தான் என்பதால், அந்த ஆயிரத்தில் அவர்கள் 125 பேர் அளவுக்கே இருப்பார்கள். 125 பேருக்குப் பிழை வரம்பு 9 புள்ளிக்கு ஏறிவிடும். 60 சதவீதம் என்று அச்சாகியிருந்தால் உண்மை 51 ஆகவும் இருக்கலாம், 69 ஆகவும் இருக்கலாம். கறுப்பினத்தவரைக் கூடுதலாகச் சேர்த்துக் கேட்டார்களா என்று கணிப்பின் அடிக்குறிப்பில் தேடுங்கள். குழுவாரியான எண்ணிக்கையே தராத கணிப்பை வைத்து 5 புள்ளி ஏற்ற இறக்கத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு நடந்த காலத்தில் கறுப்பினத்தவரில் சிறுபான்மையோரே அவரைக் குற்றவாளி என்றார்கள். 2015-ல் வாஷிங்டன் போஸ்ட்டும் ஏபிசியும் எடுத்த கணிப்பில் 57 சதவீதக் கறுப்பினத்தவர் அவர் நிச்சயமாகவோ அநேகமாகவோ குற்றவாளி என்றார்கள். வெள்ளையரில் 83 சதவீதம். மாறாத இனப்பாசம் என்ற விளக்கம் இந்த எண்களுக்கு முன் நிற்காது.

பிறகு தீர்ப்புக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததைப் படியுங்கள். 1991 மார்ச்சில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்த வீடியோவை நாடே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று பக்கத்து ஊரான சிமி வேலியில், கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாத ஜூரி அந்தப் போலீசாரில் யாரையும் தண்டிக்கவில்லை. 1991-லேயே 15 வயது கறுப்பினச் சிறுமியைச் சுட்டுக் கொன்ற கடைக்காரர் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆனால் சிறைக்குப் போகவில்லை. போலீஸ் சாட்சியத்தைக் கறுப்பின மக்கள் எந்த அளவு நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதை இதை விட்டுவிட்டு விளக்கவே முடியாது.

அந்த அவநம்பிக்கைக்குத் தீனி போட்டவர், சிம்ப்சன் வீட்டில் இரத்தக்கறை படிந்த கையுறையைக் கண்டெடுத்த துப்பறிவாளர் மார்க் ஃபர்மன். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பத்து ஆண்டுகளாகப் பயன்படுத்தவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் குரலே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிநாடாக்கள் வெளிவந்தன. நீதிபதி லான்ஸ் இட்டோ ஜூரிக்கு அனுமதித்தது இரண்டே பகுதிகள். பொதுமக்களோ தொலைக்காட்சியில் அதைவிட அதிகம் கேட்டார்கள். வெளியுலகத் தொடர்பின்றி மாதக்கணக்கில் தனியே வைக்கப்பட்ட ஜூரியின் மனதை, கருத்துக்கணிப்பைக் கொண்டு அளக்கக் கூடாது.

1997-ல், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் தொடுத்த சான்டா மோனிகா சிவில் வழக்கில், பெரும்பாலும் வெள்ளையர் இருந்த ஜூரி அந்த மரணங்களுக்குச் சிம்ப்சனைப் பொறுப்பாக்கியது, நஷ்டஈடு மொத்தம் 3.35 கோடி டாலர். ஜூரியின் நிறம் மாறியதால் முடிவு மாறியது என்று எழுதுமுன் வேறு என்ன மாறியது என்று பாருங்கள். சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் ஆதாரம் கனக்கிறது என்பதே போதும். சிம்ப்சனே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. கொலை நடந்த இடத்தில் பதிந்திருந்த தடங்களுக்குரிய புரூனோ மாலி வகைக் காலணியை அவர் அணிந்த புகைப்படங்களும் புதிதாகக் கிடைத்திருந்தன.

1995 ஜூரியில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர், இருவர் வெள்ளையர், ஒருவர் ஹிஸ்பானிக். விடுதலை ஒருமனதான முடிவு. ‘கறுப்பு ஜூரியின் தீர்ப்பு’ என்று எழுதுபவர், மீதி மூவரும் ஏன் அப்படியே வாக்களித்தார்கள் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.