தாத்தாவின் லூகரைப் பளபளப்பாக்கலாமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கா திரும்பிய சிப்பாய்கள் பலரின் பையில் ஒரு ஜெர்மன் லூகர் பிஸ்டல் இருந்தது. அது இப்போது பேரன் பேத்திகளின் கைக்கு வருகிறது. அங்கங்கே சாயம் போய், லேசாகத் துரு பிடித்திருக்கும். பார்த்ததும் புதிதாக ப்ளூயிங் (இரும்பின்மேல் ஏற்றும் கருநீலப் பூச்சு) போட்டுவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் இதையெல்லாம் பாருங்கள்.

முதல் வேலை: தோட்டா இருக்கிறதா?

குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மகசினைக் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள். முழங்கை போல மடங்கும் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். லூகரில் ஒரு வில்லங்கம் உண்டு. அறைக்குள் தோட்டா இருந்தால், மேல்பாகத்தைத் தனியாகக் கழற்றி எடுத்த பிறகும், பக்கவாட்டில் உள்ள சிறு கம்பியை அழுத்தினால் வெடித்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துக்கொண்டே திறப்பது நல்லது.

அடுத்து: ஏற்கெனவே யாராவது கை வைத்திருக்கிறார்களா?

இதற்கு ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். துருவால் விழுந்த குழிகளைப் பாருங்கள். குழிக்குள்ளும் ஒரே சீராகக் கருநீலம் இருந்தால், துரு பிடித்த பிறகு யாரோ சாயம் ஏற்றியிருக்கிறார்கள். முத்திரை எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். கரைந்த சோப்பில் எழுதியது போல மழுங்கியிருந்தால், பாலிஷ் சக்கரம் ஓடியிருக்கிறது.

விசை, சேஃப்டி நெம்புகோல் போன்ற சின்ன உறுப்புகளின் நிறத்தையும் கவனியுங்கள். 1937 வாக்கில் லூகர் தயாரித்த மௌசர் தொழிற்சாலை, சூடான உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் ப்ளூயிங்குக்கு மாறும்வரை, இவை சூட்டில் பதமாக்கிய வைக்கோல் நிறத்தில்தான் வந்தன. 1916 என்று போட்ட துப்பாக்கியில் அவை நீலமாக இருந்தால் சந்தேகப்படலாம். 1940 துப்பாக்கியில் அது இயல்பு. ஆண்டைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்!

அப்புறம் தொடர் எண்கள். துப்பாக்கியின் உடற்பகுதியிலும் (ஃபிரேம்) குழலிலும் முழு எண் இருக்கும். சின்ன உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கம். எல்லாம் ஒத்துப்போய், பழைய பூச்சும் இருந்தால் சேகரிப்பாளர் நல்ல விலை கொடுப்பார். அதே துப்பாக்கியைப் புதிதாகப் பூசிவிட்டால் விலை பாதியாகக் குறைவது சாதாரணம். பூசுவதற்குக் கொடுத்த காசும் திரும்பி வராது. ஆனால் எல்லா மறுபூச்சும் குற்றமல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் அரசே பழுதுபார்த்து, பழைய ஆண்டோடு 1920 என்றும் முத்திரையிட்ட துப்பாக்கிகள் உண்டு. அதைச் சேகரிப்பாளர்கள் அதன் வரலாறாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, சுடலாமா?

வெறும் பூச்சால் சுடும் திறன் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கெடுப்பது பாலிஷ்தான். சறுக்கு விளிம்புகளும் விசையோடு சேர்ந்த முனைகளும் தேய்ந்தால் பொருத்தம் தளரும். நிக்கல் பூசியிருந்தால் நேர்மாறாக, இறுக்கமான இடங்களில் உரசும். உப்புக் கரைசலைச் சரியாகக் கழுவாமல் விட்டால், இடுக்கில் தங்கிய உப்பு பிறகு கசிந்து புதுத் துருவைக் கிளப்பும்.

வேடிக்கை என்னவென்றால், அசல் பூச்சோடு எண்ணெல்லாம் ஒத்துப்போகிற துப்பாக்கியைத்தான் சுடத் தயங்க வேண்டும். எண் பொறித்த ஒரு சின்ன உறுப்பு உடைந்தால் போதும், விலை இறங்கிவிடும். முன்பே யாரோ பூசிக் கெடுத்ததுதான் சுடும் பயிற்சி மைதானத்துக்கு ஏற்றது. அதையும் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுச் சுடுங்கள். எல்லா லூகரும் 9 மி.மீ. அல்ல, 7.65 மி.மீ. குழலும் உண்டு என்பதால் அளவையும் அவரே பார்க்கட்டும்.

நீங்களே செய்யக்கூடியது

மென்மையான துணி, நல்ல துப்பாக்கி எண்ணெய், பொறுமை. துருவின்மேல் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, செம்புத் துண்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மையானது, அடியில் இருக்கும் பூச்சைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். மணல் தாளைத் தொடவே வேண்டாம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 வரை செய்ததுதான் 'பழங்கால'த் துப்பாக்கி. ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்ட இந்த லூகர் அதில் வராது. உங்கள் மாநில விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதற்கும் விலை உண்டு. ஆனால் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரம் இழுக்கும்; பல லூகர்களில் துரு பிடித்ததே அங்கேதான். தாத்தா கொண்டுவந்தபோது ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டு பழைய பெட்டியில் கிடைத்தால், அதையும் தனியாக எடுத்து வையுங்கள்.